வியாழக்கிழமைக் கட்டம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்குகிறேன். என் மகள் அங்கேயே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிறாள். போன சீசனில் சிங்கப்பூர்க் கடை ஒன்றின் ஆர்டர் வந்தது. கிழமைகள் தமிழிலும் சீனத்திலும் வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு லோடு எழுத்துப்பிழையால் திரும்பி வந்திருந்தது. இன்னொரு தப்பு வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி மகளிடம் சொல்லிவிட்டார்.

அவள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தது. கடைக்காரர் அனுப்பிய கோப்பைத் திறந்தால், சீனம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். சீன எழுத்துரு இல்லை என்று அதை இறக்கி ஏற்றினாள். கட்டம் போய் நெருக்கமாக எழுத்துகள் வந்தன. முதலாளி உடனே அச்சடிக்கப் பிளேட் போடச் சொன்னார்.

மகள் எழுந்திருக்கவில்லை. “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. இது சீனந்தான். ஆனா கிழமையான்னு தெரியலை.”

“ஏத்தா, சீனாவுக்கே போய்க் கேட்டுட்டு வரப்போறியா?” என்றார்.

அவள் கடைக்காரருக்குப் போன் போட்டாள். திங்களுக்குக் கடைசி எழுத்து ஒரு கோடு, செவ்வாய்க்கு இரண்டு, புதனுக்கு மூன்று என்று அவர் சொன்னார். திரையில் அப்படிக் கோடே இல்லை.

ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண் உண்டாம். சீனத்துக்கு அந்த எண் வரிசையே பல வகையாம். கோப்பு எழுதியது ஒரு வகை, இங்கே படித்தது வேறு வகை. மகள் கறுப்புத் திரையில் என்னவோ தட்டி வகையை மாற்றினாள். மறுபடி திறந்தாள். ஒரு கோடு. இரண்டு. மூன்று.

முதலாளி வியாழன்மேல் விரலை வைத்தார். “இந்தா, இங்கன இன்னும் கட்டம் கிடக்குதே.”

ஞாயிற்றிலும் அதேபோல ஒன்று கிடந்தது. மகள் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு கால்போல இருந்தது. மற்றதில் நடுவே ஒரு கோடு. எழுத்தா, உடைந்த கட்டமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டது போனில் தெரிந்தது. பதில் இல்லை. நான் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு கதவோரம் நின்றேன்.

கடைசியில் அவர் குரல் வந்தது. “அது எழுத்துதாம்மா. எல்லாக் கிழமையும் சரியா இருக்கு.”

முதலாளி பிளேட் போடப் போனார். மகள் இன்றும் அதே நாற்காலியில்தான் வேலை பார்க்கிறாள்.

உள்ளே கால் இருந்தது வியாழனா, ஞாயிறா என்று இப்போது எனக்கே குழப்பம். சீனம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.