கிரைண்டரை மறைத்த நிவாரணம்

மும்பை தாராவியில் செண்பகவல்லி வீட்டு வாசலுக்குக் காலை எட்டு மணிக்கு மேல் போனால் இட்லி தீர்ந்து வெறும் சட்னிதான் மிஞ்சும். பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு ஒரே ஒரு கிரைண்டரை நம்பி ஓடியது. அந்தக் கிரைண்டருக்கு முன்னால்தான் இலங்கை வெள்ள நிவாரணம் வந்து உட்கார்ந்தது.

மூன்று சங்கங்கள் சேர்ந்து திரட்டிய போர்வைகள். மாட்டுங்கா சபாவுக்குச் சங்கரன், தாராவி சங்கத்துக்குப் பிரம்மநாயகம், செம்பூர் மகளிர் அமைப்புக்கு வந்தனா. "ரெண்டே நாளுதாம் தங்கச்சி, லாரி வந்துரும்" என்று பிரம்மநாயகம் சொன்னதை நம்பி, பெட்டிகளைத் தன் ஒற்றை அறையில் அடுக்க விட்டாள். இரண்டு நாள் ஏழு வாரமானது.

பெட்டியில் ஒட்டும் சீட்டில் யார் பெயர் முதலில் வருவது? இதுதான் தகராறு. முதலில் தொடங்கிய சங்கம் எங்களுடையது என்றார் சங்கரன். அதிகப் பெட்டி கொடுத்தது நாங்கள் என்றார் பிரம்மநாயகம். ஆங்கில அகரவரிசைப்படி போட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது என்றார் வந்தனா. அதில் 'சி'யில் தொடங்கும் செம்பூர்தான் முதலில் வரும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம்!

ஞாயிறுதோறும் செண்பகவல்லி வாசலில் கூட்டம். ஆளுக்கு ஆறு இட்லி, ஓசியில். தட்டு காலியானதும், அடுத்த வாரம் பேசுவோம் என்று எழுந்துவிடுவார்கள். மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை.

ஏழாவது வாரம் வந்தனா அனுப்பிய இருபது பெட்டிகள் கிரைண்டரை முழுசாக மறைத்தன. நான்கு நாள் வியாபாரம் போனது. தன் வாடிக்கைக்காரர்கள் எதிர்ச் சந்தில் வடாபாவ் தின்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கரன் கையலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு லேட்டா?"

"இட்லி இல்ல சார்."

"இல்லையா?" மூன்று குரல்களும் முதன்முறையாக ஒன்றாக ஒலித்தன.

"கிரைண்டர் ஒங்க பொட்டிக்குப் பின்னால கெடக்கு. மூணு கையெழுத்து இல்லாம தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? வெறும் தண்ணி வேணா தாரேன்."

அன்று கூட்டம் பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. எந்தச் சங்கத்தின் பெயரும் வேண்டாம், 'மும்பை மக்கள்' என்று போட்டால் போதும். மத்தியானமே லாரி வந்தது. செண்பகவல்லி அரிசி ஊறப்போட்டாள்.

அடுத்த ஞாயிறு மூவரும் ஒரு பொன்னாடையோடு வந்தார்கள்.

"உங்களுக்கு மரியாதை பண்ணணும்க்கா. யார் போர்த்துறதுன்னுதான் இன்னும் ஃபைனல் ஆகல" என்றார் வந்தனா.

"மூத்த சங்கம்னு ஒண்ணு இருக்கோல்லியோ" என்று ஆரம்பித்தார் சங்கரன்.

"மொதல்ல இட்லி வரட்டும், பொறவு பேசுவோம். அதுவரைக்கும் இது இங்கன இருக்கட்டும்" என்று பிரம்மநாயகம் பொன்னாடைப் பையைக் கிரைண்டர்மேல் வைத்தார்.

செண்பகவல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. பையைப் பிரித்து, பொன்னாடையை உதறி, கிரைண்டருக்கே போர்த்திவிட்டாள்.

"போர்த்தியாச்சு அண்ணாச்சி. இனிப் பேச ஒண்ணுமில்ல. இட்லி வேணும்னா வரிசைல நில்லுங்க."

யார் முன்னால் நிற்பது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.