மூச்சுவிட்ட நாற்காலி

வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கை, நான். இல்லாதவர், அதைச் செய்த ஆசாரி. கூலியை வாங்கிக்கொண்டு விதுரா பக்கம் ஏதோ எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார். கெட்டிக்காரர்.

வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், அரிசி மூட்டை சுமக்கும் அப்பாவுக்கு வீடு கிடைத்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான்: அடுப்பில் மீன் ஏறக்கூடாது. என் காலேஜ் நடக்கிற தூரத்தில் இருந்ததால் குடும்பமே மீனைத் துறந்தது. நாகர்கோவில் பக்கத்து ஆட்களான நாங்கள் மூன்று வருடமாகப் பூசணிக்காயைத் தின்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நான் இண்டர் முடித்து பி.ஏ. ஆவதற்காக. இப்போது வாடகைக் கெடு முடிகிறது. பரீட்சைக்கோ இன்னும் ஒரு வருடம். அந்த வாடகைக்கு அந்தப் பக்கம் வேறு வீடு கிடையாது. வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும்.

அவர் வந்தால் உட்கார நாற்காலி இல்லாததுதான் எங்கள் குறை என்று கண்டுபிடித்தவன் நான். குடும்பத்திலேயே படித்தவன் அல்லவா! விழிஞ்ஞம் கடற்கரையில் உடைத்துப் போட்ட பழைய வள்ளத்தின் அயினி மரப் பலகை விறகு விலைக்குக் கிடைத்தது. ஆசாரி அறுத்து, இழைத்து நாற்காலி ஆக்கினார். மெருகு என் பொறுப்பு.

“சாலக் கடையில வார்னிஷ் விக்கான். ஒன்னர ரூவாய்க்கு ஒரு டப்பா வாங்கி அடிச்சா தீந்துதுலே,” என்றார் அப்பா.

நான் லைப்ரரியில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை படித்திருந்தேன். வார்னிஷின் நெடி விஷம். இயற்கைப் பொருள்களை மட்டும் பூசினால் மரம் மூச்சுவிடும்.

“மரம் எதுக்குலே மூச்சு விடணும்? அது செத்து எத்தன வருசமாச்சு?”

படிக்காதவர். மன்னித்துவிட்டேன்.

கடுக்காய் வேகவைத்த நீரைப் பூசி, அதன்மேல் துருப்பிடித்த ஆணி ஊறிய காடியைத் தடவினேன். வெளிறிய பலகை ஈட்டி மரம்போலக் கறுத்தது. பிறகு நல்லெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிச் சூட்டோடு தேய்த்தேன். நாற்காலி பளபளத்தது. கூடவே லேசாக ஒரு வாசனை. என்னவென்று பிடிபடவில்லை, ஆனால் எல்லாருக்கும் பிடித்திருந்தது. தங்கை தட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ச் சாப்பிட்டாள். அம்மா காரணமில்லாமல் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “ராசியான நாற்காலி மக்ளே,” என்றாள்.

மெழுகு இறுகட்டும் என்று காலை முழுவதும் வெயிலில் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் வரும் நேரத்துக்குக் கூடத்தில் போட்டேன். உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார்.

“கொள்ளாமே! ஈட்டியா?”

அப்பா தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, பய பரீட்ச எழுதி முடிக்கது வர ஒரு வருசம்…”

“அதுக்கென்ன வேய், இருந்துக்கிடும்…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். மூக்கு விரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்து நாற்காலிக் காலில் முதுகை உரசியது. பின்னாலேயே வந்த இன்னொன்று அவர் மடியில் ஏறிக் கைப்பிடியை நக்கியது.

“மத்தி மீனுல்லா மணக்கு!” என்று துள்ளி எழுந்தார்.

வள்ளம் உளுக்காமலிருக்க வருடந்தோறும் மத்தி மீன் எண்ணெய் பூசுவார்கள் என்பது அந்தப் பத்திரிகையில் இல்லை. பலகைக்குள் ஊறிக் கிடந்த எண்ணெயை நான் சூடு காட்டி வெளியே அழைத்திருந்தேன். மரம் மூச்சுவிட்டது. இயற்கையாக, விஷமில்லாமல்.

“நாற்காலிதான் மணக்கு அண்ணாச்சி. வேணும்னா அடுப்ப வந்து பாருங்கோ,” என்றாள் அம்மா.

“நாற்காலி மீன் தின்னுமா? என்னப் பாத்தா பொட்டன்னு தோணுதா? நீங்க மீன விடமாட்டீங்கன்னு நான் அன்னைக்கே நெனச்சேன்.”

நான் முன்னே வந்து, மரத்தின் நுண்துளைகளைப் பற்றி விஞ்ஞானரீதியாக விளக்கினேன்.

“கேட்டீரா வேய், உம்ம மகன் நாத்தத்துக்கு லெக்சர் எடுக்கான்!”

மூன்று வருடம் வாயைக் கட்டியிருந்த நாங்கள், மீன் தின்றதற்காக மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தோம். நேமம் பக்கம் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. காலேஜுக்கு பஸ்ஸில் போகவேண்டும். நான் படிப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டதற்கு, “இன்னும் என்னத்தல்லாம் படிக்கப் போறியோ,” என்று சொல்லிவிட்டு அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். வீட்டு முன்பணம், கைவண்டிக் கூலி, பரீட்சை வரைக்குமான பஸ் காசு, எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.