ஆரிபாவின் பங்கு

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். கானாடுகாத்தான்ல நான் சமைக்கிற பங்களா ஹோட்டல்ல கேட்டாலும் சொல்லுவாக, எங்க வீட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்லுவாரு. ஆரிபா மட்டும் சொல்ல மாட்டா. அதனாலதான் அவளைப் பத்தி நானே சொல்ல வேண்டியதா இருக்கு.

காரைக்குடியில ரவிக்கை தைக்கிறவ அவ. இருபது வருசத்துக்கு முந்தி ரெண்டு பேரும் ஒரே டைலரிங் கிளாஸ். நான் மிசினோட சண்டை போட்டுட்டு கரண்டியைப் பிடிச்சுட்டேன். அவ இன்னும் மிதிச்சுக்கிட்டு இருக்கா. புருசன் சவூதியில இருந்தப்பவும், வந்து படுக்கையில விழுந்தப்பவும், போய்ச் சேர்ந்த பிறகும் அந்த மிசின் நின்னதில்ல. போன வருசம் மகன் முஜிபுர் சிங்கப்பூர் போனான். "இனிமேயாவது உக்காந்து சாப்பிடேன்டி"ன்னேன். "உக்காந்துதானடி தைக்கிறேன்"னா. வாயைப் பாருங்க!

ஹோட்டலுக்கு வர்ற வெள்ளைக்காரங்க கூடாரத்தைத் தூக்கிக்கிட்டுக் கடற்கரைக்குப் போவாக. எனக்கும் ஒரு நாளாவது அப்படிக் கிடக்கணும்னு ஆசை. ரெண்டு வருசமா ஆரிபாவையும் கிறிஸ்டியையும் நச்சரிச்சேன். கிறிஸ்டி டீச்சர், எங்களைவிட எட்டு வயசு சின்னவ, கார் அவளோடது. கடைசியில பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை கிளம்பினோம். கூடாரம் ஹோட்டல் மேனேஜர் குடுத்தது.

தொண்டிக்கு அங்குட்டு ஒரு கடற்கரைப் பூங்கா. சவுக்கு மரத்தடியில கூடாரத்தை நட்டோம். வாடைக்காத்து ரெண்டு தடவை சாய்ச்சிருச்சு, மூணாந்தடவை ஆரிபா கோணி ஊசியை எடுத்துக் கயிறோட சேர்த்துத் தச்சே விட்டுட்டா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. அடுப்பை ஊதினதும் அவதான், வெங்காயம் உரிச்சதும் அவதான்.

கோழியைச் சொல்லியாகணும். காலையில ஆறு மணிக்கே சேக் பரீது கறிக்கடை வாசல்ல நின்னு, கண்ணு முன்னால ஹலாலா அறுத்து வாங்கினது. அவ ஒருத்திக்காகத்தான். மசாலாவைக் கையால அரைச்சேன். மத்தியானம் இலையைப் போட்டு "வாடி"ன்னு நான் கூப்பிட்டா, "நீங்க சாப்பிடுங்க, எனக்கு எடுத்து வையி, பொறவு சாப்பிடுறேன்"னா. காலையில டீயையும் வேணாம்னுட்டா. எனக்குச் சுருக்குனு ஏறிருச்சு.

"நான் என்ன செத்த கோழியா வாங்கிட்டு வந்தேன்? மகன் சிங்கப்பூர் போனதும் எங்க சோறு தொண்டையில இறங்கலையாக்கும்!"

"அக்கா, விடுங்கக்கா, கோவிச்சுக்கிறாதீக"ன்னா கிறிஸ்டி.

ஆரிபா என்னைப் பார்த்துச் சிரிச்சா. "இறங்கும்டி. எடுத்து வையி." போய்க் கூடாரத்துல படுத்துக்கிட்டா.

தூக்குச்சட்டியில சோறும் குழம்பும், அவளுக்குப் பிடிச்ச ஈரலும் போட்டு வச்சேன். மணி நாலாச்சு. ஆரிபா எந்திரிச்சு வந்தா, குழாயில முகம் கைகாலைக் கழுவினா, ஓரமா ஒதுங்கித் தொழுதா. டீ வேணுமான்னேன். வேணாம்னு தலையை ஆட்டிட்டு மணல்ல நடந்து போயிட்டா. கிறிஸ்டி அங்குட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா. சவுக்குக்குக் கீழ ரெண்டு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்துச்சு. "இதுகளாவது நன்றியாத் திங்கும்"னு முனகிக்கிட்டே தூக்குச்சட்டியை அதுக முன்னால கவுத்திட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாக. அப்பக்கூட எனக்கு உறைக்கல. சட்டியைக் கழுவிக் கவுத்தியும் வச்சேன்.

கிழக்குக் கடல் பாருங்க, சூரியன் முதுகுப் பக்கம், பனைமரத்துக்கு அங்குட்டு இறங்கிருச்சு. எங்கேயோ பள்ளிவாசல்ல இருந்து பாங்குச் சத்தம் காத்துல வந்துச்சு. ஆரிபா என் பக்கத்துல வந்து உக்காந்தா. பையில இருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, வாய்க்குள்ள என்னமோ சொல்லிட்டுத் தின்னா. ஒரு சொம்புத் தண்ணியை மடமடன்னு குடிச்சா. பிறகு கையை நீட்டினா.

"இப்பக் குடுடி என் பங்கை. காலையில இருந்து மோப்பம் பிடிச்சே பாதி உசுரு போச்சு."

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. "நோன்பா? ரம்ஜானுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கேடி!"

"போன வருசம் விட்டுப்போன நோன்பு. இது கடைசி. அடுத்த ரம்ஜானுக்குள்ள வச்சு முடிக்கணும். தை முகூர்த்தம்னு கடையில தையல் நெருக்குது, ரம்ஜான் வரைக்கும் இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு. இன்னைக்கு வரலைன்னா உன் கூடாரம் போயிரும். அதான் ரெண்டையும் ஒண்ணாப் பார்த்துக்கிட்டேன்."

நான் எந்திரிக்கல. அவளே தூக்குச்சட்டியைப் பார்த்தா. கவுந்து கிடக்கு. அதுக்குப் பக்கத்துல நாய் ரெண்டும் கோழி எலும்பைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. அவளுக்கு விளங்கிருச்சு.

"சரி விடு. அதுகளுக்கும் பசிக்கும்ல"ன்னு சொல்லிட்டு இன்னொரு சொம்புத் தண்ணி மொண்டா. காரியரையும் பையையும் துழாவினேன். கிறிஸ்டியோட பிஸ்கட் நாலு கிடந்துச்சு. அதை நீட்டுறப்ப முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. எனக்கு அழுகையும் வந்துச்சு, அவ மேலேயே மறுபடி கோவமும் வந்துச்சு.

"காலையிலேயே சொல்லித் தொலைச்சா என்னடி?"

பிஸ்கட்டைத் தண்ணியில நனைச்சுக்கிட்டே சொன்னா: "டைலரிங் கிளாஸ்ல நோன்பு மாசம் பூரா என் முன்னால ஒருநாள் உன் சோத்துச் சட்டியைத் திறந்தியா நீ? முப்பது நாளும் மூடியே வீட்டுக்குக் கொண்டு போனவதானே? சொல்லியிருந்தா இன்னைக்கும் அடுப்பே பத்த வச்சிருக்க மாட்ட. ரெண்டு வருசமா ஆசைப்பட்டது, என்னால நீ பட்டினி கிடக்கணுமா?"

நான் அன்னைக்கு ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டிருந்தேன்.