முதல் குண்டுக்குக் கீழே நிற்பவர்

குனிந்து வருகிறார் லெப்டினன்ட் கீன்லே. தோளில் தொலைபேசிக் கம்பிச் சுருள், காதில் செருகிய துண்டுப் பென்சில், மீசையில் உறைந்த பனி. முன்வரிசைப் பதுங்குகுழிக்குள் காலை வைத்ததும் இடம் கேட்பார்: "கொஞ்சம் நகருங்கப்பா. இன்னிக்கும் என் குண்டு உங்க தலைக்கு மேலதான் போகணும். நானும் கீழ நிக்கிறேன்."

பீரங்கி அதிகாரிக்கு இங்கே வேலையில்லை. அவருடைய நான்கு பீரங்கிகளும் மூன்று கிலோமீட்டர் பின்னால், காட்டோரத்தில் நிற்கின்றன. மற்ற ஜெர்மன் அதிகாரிகள் பின்மேட்டில் நின்று, தொலைநோக்கியில் பார்த்தபடியே சுடச் சொல்வார்கள். இவர் மட்டும் குண்டு சரியாக விழும்வரை காலாட்படைக்காரர்களோடு நிற்பார்.

இந்த முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் பவேரியாவில் நிலம் அளக்கும் உத்தியோகம். எங்கே நடந்தாலும் உதடு காலடியை எண்ணிக்கொண்டேயிருக்கும். பீரங்கிகளை வீட்டுப் பெண்களாக நினைத்தே பேசுவார். "மூணாவது பீரங்கி ஒரு கிழவி. சுட்டுச் சுட்டுக் குழல் தேஞ்சுபோச்சு, எட்டித் துப்பமாட்டா." வெடிமருந்துப் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காலைக் காபி. "குளிர்ல மருந்துக்கும் சோம்பல்தான். குண்டு முன்னாடியே விழுந்துடும்."

அதை அவர் கற்றுக்கொண்ட விதத்தை அந்தக் குழியின் வீரன் கோர்பினியன் மறக்கவில்லை. அக்டோபரில் ஒரு காலை, இரண்டு குண்டுகள் எதிரியை எட்டாமல் சொந்தக் குழியிலேயே விழுந்தன. கோர்பினியனின் ஊர்க்காரன் கால்லுஸ் அதில் செத்துப்போனான். எந்தப் பீரங்கிக்காரனும் இப்படிப்பட்டதை அதுவரை ஒப்புக்கொண்டதில்லை. மறுநாள் இவர் தனியாக வந்து தொப்பியைக் கழற்றினார். "நேத்து விழுந்தது என்னோடது. குளிரை நான் கணக்குல சேர்க்கலை. தப்பு என்னோடது." ஒருவன் அவர் காலடியில் காறித் துப்பினான். இவர் மண்வெட்டியை வாங்கிக் கால்லுஸுக்குக் கல்லறைக்குழி வெட்டினார். அன்றிலிருந்துதான் குண்டுக்குக் கீழே வந்து நிற்கும் இந்தப் பழக்கம்.

இந்தப் பிப்ரவரிக் காலையிலும் வந்திருக்கிறார். எண்பது மீட்டர் எதிரே பிரெஞ்சுக்காரரின் குட்டைப் பீரங்கி ஒன்று, மூன்று நாளில் ஐந்து பேரைக் கொண்டுபோய்விட்டது. நடுவே மேடு மறைப்பதால், எட்டிப் பாயாமல் செங்குத்தாக இறங்கும் கிழவியின் குண்டால்தான் அதைத் தொடமுடியும். இம்மி பிசகினாலும் இந்தக் குழியின் பன்னிரண்டு பேரும் இல்லை.

தொலைபேசியில் மேஜர் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. "தூர அட்டவணைப்படி சுடும்யா!"

"அட்டவணையை யாரோ வெயில்ல உக்காந்து எழுதியிருக்காங்க ஐயா. இங்க எச்சில் உறையுது. தூரமா ஆரம்பிச்சு, கிட்ட கொண்டாறேன்."

முதல் குண்டு எங்கோ போய் விழுந்தது.

"பாரிஸுக்கு அனுப்பிட்டீங்களா ஐயா?" என்றான் குழியின் வாயாடி பார்ட்டில்.

"அங்கயே போகட்டும்டா. உன் மண்டையில வேணாம்."

இருபத்தைந்து மீட்டர் குறைத்தார். மறுபடியும் இருபத்தைந்து. பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "எல்லாரும் பின்குழிக்குப் போங்க. கிழவி இப்ப ரொம்பக் கிட்ட வரப்போறா."

"நீங்க?"

"விழுறதை யாராவது பாக்கணும்ல."

பதினொரு பேர் போனார்கள். கோர்பினியன் போகவில்லை.

"போய்யா, சொன்னாக் கேளு."

"கால் மரத்துப்போச்சு ஐயா" என்று பொய் சொல்லிவிட்டு, பைக்குள்ளேயே ஜெபமாலையை உருட்டினான் அவன்.

துணி கிழிவதுபோலக் குண்டு தலைக்கு மேலே வந்தது. இருவரும் சுண்ணாம்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டார்கள். எதிரே நிலம் எழுந்து அடங்கியது. குட்டைப் பீரங்கி நின்ற இடத்தில் புகை மட்டும்.

"கிழவி வாழ்க!" என்று பின்குழியிலிருந்து பார்ட்டில் கூவினான். கோர்பினியன் சிலுவை போட்டுக்கொண்டான். பிழைத்த பன்னிரண்டு பேருக்காக ஆண்டவருக்கு நன்றி. எதிரே போன உயிர்களுக்காகவும் ஒரு சிறு மன்றாட்டு.

"போதும், நிறுத்து" என்று பீரங்கிக்காரர்களிடம் சொல்லி முடித்த பிறகும் கீன்லே தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. விரல்கள் விறைத்து, அதை இறுகப் பற்றியிருந்தன. கோர்பினியன் அருகே போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தான். பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, மெல்ல ஊதிச் சூடாக்கினான்.