பிரஷ் கட்டரும் பிலோமி அக்காவின் கேள்வியும்

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவசர அவசரமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கொசு மருந்து அடிக்கிற வண்டி வந்துவிட்டதாம்!

வண்டியாவது, மருந்தாவது... என் வீட்டு வாசலில் நான்தான் ஒரு பழைய பிரஷ் கட்டரை ஸ்டார்ட் செய்ய இழுத்திருந்தேன்; அது நாலு தடவை இருமி, தெரு முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. பார்த்திருப்பீர்கள் - நீளக் குழாய், ஒரு முனையில் குட்டி இன்ஜின், மறுமுனையில் சுழலும் தலை. தோளில் மாட்டிக்கொண்டு புல்லும் புதரும் வெட்டுகிற மெஷின். ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். நான் ஏதாவது ஓட்டை இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி மீது உங்களில் பலருக்கு ஏற்கெனவே அனுதாபம் உண்டு என்பது தெரியும்.

ஆனால் இந்த மெஷின் என்னுடையது அல்ல. பின் தெரு பிலோமி அக்கா கொண்டுவந்தது. ராயபுரத்தில் அவர் போகிற கிறிஸ்தவக் கோயிலின் ஸ்டோர் ரூமில், திருவிழா சீரியல் பல்புகளுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்ததாம். யாரோ தானமாகக் கொடுத்தது. தானமாக வருகிற சாமான்களுக்கு ஒரு குணம் உண்டு: கொடுத்தவருக்கு அது உபயோகப்படாமல் போயிருக்கும்!

"தம்பி, கல்லறைத் திருநாளுக்குள்ள இது ஓடணும். இன்னா பண்ணுவியோ தெர்ல" என்றார்.

கல்லறைத் திருநாள் எங்கள் பகுதியில் பெரிய விஷயம். நவம்பர் பிறந்ததும் குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தின் பின்மூலையில் ஆள் உயரத்துக்குப் புல்லும் முள்ளும். பாம்புச் சட்டை கிடந்ததைப் பார்த்ததிலிருந்து அரிவாளோடு உள்ளே இறங்க ஆள் இல்லை. தோட்டக் கமிட்டி யோசித்தது. திருநாளுக்கு முந்தின நாள் மதியம் ஜேசிபி வரும், மூலையைச் சுத்தமாக வழித்துவிடும் என்று முடிவு செய்தது. அதற்குள் யாராவது வெட்டிவிட்டால் ஜேசிபி தேவையில்லை.

இதில் பிலோமி அக்காவுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இன்ஜின் கிடைத்த சந்தோஷம்.

சரி, புகைக்கு வருவோம். "இதுல என்ன ஊத்தினீங்க?" என்று அக்காவின் தம்பி ரேமண்டைக் கேட்டேன். காசிமேட்டில் ஃபைபர் போட் வைத்திருப்பவர்.

"போட்டுக்கு ஊத்துறதுதாண்ணே. இஞ்சின்னா இஞ்சின்தானே?"

கெரோசின்! வேறு எந்த ஊரிலாவது இந்தத் தப்பு நடக்குமா? எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு படகுக்கான கேன் இருக்கும். தாகம் எடுத்தால் பக்கத்தில் இருக்கிற சொம்பைத்தானே எடுப்போம்?

டேங்கைக் கவிழ்த்துக் கழுவினேன். எரிபொருள் டியூப் விறைத்து வெடித்திருந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய சவ்வு, பொரித்த அப்பளம் போல் ஆகிவிட்டது. ஏர் ஃபில்டரைத் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் கடைசியாக சைலன்சரைக் கழற்றி, ஓட்டை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்த்தேன்.

ஒரு கீறல் இல்லை!

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் கடல் உப்பும் கலந்த காற்று இது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இதைத் தாங்காமல் இற்றுப் போகும். அதில் இத்தனை வருஷம் கிடந்த இரும்புக்குள் ஒரு பிஸ்டன் புத்தம்புதுசாகப் பளபளத்தது. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மொத்த இன்ஜினையும் அந்தரத்தில் தொங்கவிட்டேன். கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றழுத்தம், போன இன்ஜின் என்றால் சர்ரென்று கீழே இறங்கும். இது ஜம்மென்று தொங்கியது. யார் செய்த மெஷினோ, மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வண்ணாரப்பேட்டையில் டியூப், சவ்வு, ஃபில்டர் எல்லாம் கிடைத்தன. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் உறுமியது. சூடேறும் வரை ஓட்டி, அணைத்து, சூட்டோடு மறுபடி இழுத்தேன். பழைய இன்ஜின்கள் பல இந்த இடத்தில்தான் காலை வாரும். இது வாரவில்லை. ரேமண்ட் விசில் அடித்தார்.

பிலோமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஓடுது, சரி. வுட்டா நிக்குமா?"

பழைய மெஷினைக் காட்டினால் எல்லோரும் கேட்பது 'ஸ்டார்ட் ஆகுமா?' என்றுதான். நிற்குமா என்று யாராவது கேட்பார்களா? ஆக்சிலரேட்டரை விட்டுக் காட்டினேன். இன்ஜின் தணிந்தது. ஆனால் கீழே தலை சோம்பலாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. தலையை இன்ஜினிலிருந்து விடுவிக்கிற கிளட்ச் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது.

"இது சின்ன விஷயம்க்கா. வெட்டுறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சின்ன விஷயம் இல்ல தம்பி." அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த மூலைல என் பையன் கீறான்."

அக்காவுக்கு ஒரே மகள், கல்யாணமாகி ஆவடியில் இருக்கிறாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அவளுக்கு முன்னாடி பொறந்தவன். ஜெரால்டுன்னு பேர் வெச்சு ஞானஸ்நானம் குட்த்தோம். மறுவாரமே பூட்டான். சின்னப் புள்ளைங்கள அந்த மூலைலதான் வெப்பாங்க. கல்லு கட்ட அப்ப வசதி இல்ல. அவங்கப்பா சிமெண்டுல ஜாண் ஒசரம் சிலுவை ஒண்ணு செஞ்சு நட்டாரு. இப்ப அவரும் இல்ல. போன ரெண்டு வருசமா புதருக்குள்ள எடமே தெர்ல, வெளிய நின்னு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துகினு கீறேன். உப்புக் காத்துல அந்த சிமெண்டு பொடிஞ்சு போயிருக்கும். உன் மெஷின் லேசா பட்டாலும் போச்சு. அத்த வுட்டா எனக்கு வேற அடையாளம் இல்ல தம்பி."

ஸ்பானரை எடுத்து கிளட்ச்சைக் கழற்றினேன்.

புது ஸ்பிரிங் போட்டேன். இரும்பு பிளேடை எடுத்துவிட்டு நைலான் நரம்பு சுற்றுகிற தலையை மாட்டினேன். அதற்குப் பிறகு அக்கா வைத்தார் பாருங்கள் ஒரு பரீட்சை! ரயில்வே லைன் பக்கத்துப் பொட்டலில், புல்லுக்குள் எங்கோ ஒரு செங்கலை நட்டுவிட்டு வந்தார். எங்கே என்று சொல்லவில்லை. தள்ளி நின்றுகொண்டார். "நான் முந்தானையத் தூக்கினா வுட்டுடணும்." தூக்கினார். விட்டேன். தலை நின்றது. நரம்பு முனைக்கும் செங்கலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. இன்னொரு இடத்தில் நட்டார். மறுபடி... மறுபடி... டேங்க் காலியாகிற வரை விடவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் காலை. ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மூலையில் இறங்கினேன். முள்ளை ரேமண்ட் நீளக் கொக்கியால் இழுத்துக் கொடுக்க, நான் புல்லை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். சுவர் ஓரம் மேடான இடத்தில் அக்கா. குட்டையாகிற புல்லுக்குள் சிலுவை தலை காட்டுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தானை உயர்ந்தது. விட்டேன். நின்றது.

ரேமண்ட் கையால் புல்லை விலக்கினார். ஜாண் உயரச் சிலுவை. ஒரு கை பாதி உதிர்ந்திருந்தது, ஆனால் நின்றுகொண்டிருந்தது. அக்கா இறங்கி வந்து பார்த்தார். "இவன் இல்ல" என்றார்.

தொடர்ந்தேன். முந்தானை உயர்ந்தது. இன்னொரு சிலுவை. இவனும் இல்லை. அதற்கடுத்து ஒன்று. பக்கத்தில் ஒன்று... நாலைந்துதான் மிஞ்சியிருக்கும் என்று அக்கா நினைத்திருந்தார். புல் இறங்க இறங்க வரிசை வரிசையாக எழுந்து வந்தன. மரச்சிலுவை, ஓடு பதித்தது, வெறும் கூழாங்கல் வட்டம். எழுத்து ஒன்றிலும் இல்லை. மெஷின் பட்டு ஒன்றும் உடையவில்லை.

சுவரை ஒட்டிய கடைசி வரிசையில், கணவர் கையால் செய்த சிலுவையை அடையாளம் கண்டு அக்கா அப்படியே மண்டியிட்டார். "ஜெரால்டு" என்றார். அவ்வளவுதான்.

இதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நாளைக்குத்தான் ஏத்தணும். மனசு கேக்கல" என்று அக்கா பையிலிருந்து மெழுகுவர்த்தி பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். மகனுக்கு ஒன்று ஏற்றினார். எழுந்தார். பக்கத்துச் சிலுவைக்கு ஒன்று. அதற்கடுத்ததற்கு ஒன்று. பாக்கெட் தீர்ந்துபோனது. பாதி வரிசைகூட ஆகவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் கேட்டுக்கு ஓடினேன். வெளியே மெழுகுவர்த்திக் கடை போட்டிருந்த அம்மா, "எத்தினி பாக்கெட்டு சார்?" என்றார்.

"இருக்கிறதை எல்லாம் குடும்மா" என்றேன்.