கடைசி பெஞ்சில் ஒரு ரெக்கார்டர்

நேற்றுக் காலை ஒரு மெட்டல் இசைக்குழுவின் டிரம்ஸ் பதிவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பாடகி எஸ்தர் அழைத்தார். "முருகேசண்ணே, மைதீன் அண்ணன் போயிட்டாவ" என்றார். கடையநல்லூரில், வீட்டிலேயே, மாரடைப்பு. ஸ்பீக்கரை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. டிரம்ஸ் இடித்துக்கொண்டே இருந்தது.

மைதீன் அண்ணன் வளைகுடாவில் ஒலிப்பதிவு வேலை பார்த்துத் திரும்பியவர். தென்காசியில் இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினோம். பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். எனக்கு மெட்டல் இசைதான் எல்லாம். ஒவ்வொரு மைக்கிலும் அந்தந்த வாத்தியம் மட்டும் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் இரைச்சல். "ஏலே, ஆளில்லாத வீடு மாதிரில்லா இருக்கு" என்பார் அவர். தேவாலயப் பதிவு என்றால் தமது பழைய ரெக்கார்டரைக் கடைசி பெஞ்சில் வைத்து, தாமும் அதன் அருகில் உட்கார்ந்துவிடுவார். நான் அதைக் கேலி செய்யாத நாளில்லை.

போன சாரல் காலத்தில் குற்றாலத்துத் தேவாலயம் ஒன்றில் எஸ்தரின் நற்செய்திப் பாடல் குழுவை நேரடியாகப் பதிவு செய்தோம். அடுத்த வாரம் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. பழைய குரல் திரும்புமா என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிவு ஒன்றுதான் மிச்சம்.

மூன்றாவது பாடலின் பல்லவியில் அவர் குரல் உடைந்து நின்றது. சபையார் எடுத்துப் பாட, இரண்டு வரி கழித்து அவர் சேர்ந்துகொண்டார். நானோ அதைப் பிழையென்று எண்ணி, அவர் முன்பு பாடிய வரியை வெட்டி அங்கே ஒட்டினேன். சபைப் பக்கத்து மைக்குகளின் பதிவையும் இரைச்சலென்று அழித்துவிட்டேன்.

திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போகும் வழியில் எஸ்தர் கேட்க வந்தார். ஐந்து மணிக்கு அவர் புறப்பட வேண்டும். பாதியில் ஹெட்போனைக் கழற்றினார்.

"இங்கன நான் பாடலையே அண்ணே. சபைல உள்ளவங்கல்லா பாடுனாங்க. இத வெளிய விடாதீங்க."

 அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். "எந்திரி" என்று மட்டும் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒட்டிய வரியை நீக்கினார்; டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி எண்ணிய இடத்தைப் பிடித்து, கடைசி பெஞ்சு ரெக்கார்டரில் இருந்த சபையார் பாட்டைப் பொருத்தினார். இரண்டு கருவிகளின் வேகமும் ஒன்றல்ல; நாலு வரி போவதற்குள் விலகிவிட்டது. மறுபடி பொருத்தினார், மறுபடி விலகியது. எஸ்தரின் கணவர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் பாடலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நகர்த்தினார். விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது; அண்ணன் அதுவரை செய்ததை உடனே சேமித்தார்.

ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கையில் ஓடவிட்டோம். எஸ்தரின் குரல் உடைந்தது. உடனே, சபையார் எல்லோருக்கும் முன்னால், சுருதி சேராத ஒரு கரகரத்த ஆண்குரல்.

"அது யாரு?" என்றார் எஸ்தர்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நீ நின்னுட்டியேம்மா. பதறிப் போச்சு. ஏலே முருகேசா, அந்தாளக் கொஞ்சம் கொறச்சிரு."

"ஒண்ணும் கொறைக்காண்டாம்ணே. இப்படித்தான் நடந்துச்சு. இதையே விடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டார் எஸ்தர். சிகிச்சைக்குப் பின் இப்போது அவர் பேசுகிறார், பாடுவதில்லை.

நேற்று அடக்கம் முடியும்வரை எஸ்தர் அடக்கத்தலத்துக்கு வெளியே சாலையோரம் நின்றிருந்தார். 

இன்று அந்தப் பாடலைத் திறந்தேன். பல்லவியில் எஸ்தரின் குரல் நிற்கிறது. அடுத்த நொடி நீங்கள் வருகிறீர்கள். போய் வாருங்கள், அண்ணே. உங்களை நான் குறைக்கவில்லை.