எலிஹியோ சொன்ன பொய்

பானி நகரில் எலிஹியோவின் முடிதிருத்தும் கடைக்கு ஆண்கள் முடி வெட்ட மட்டும் வருவதில்லை, அவன் பேச்சைக் கேட்கவும் வருவார்கள். முப்பத்தொரு வயது, ஓயாத வாய். மெக்கானிக் ரதாமெஸை அவன் மனைவி விட்டுப்போன செய்தி ஊரில் பரவிய வாரம், ரதாமெஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஏம்ப்பா, ஊரு வண்டியெல்லாம் ஓட வைக்கிற, உன் வண்டி ஸ்டார்ட்டே ஆகலையாமே?" என்று கேட்டவன் அவன்தான். கடையே குலுங்கிச் சிரித்தது. பாதி வெட்டிய தலையோடு ரதாமெஸ் எழுந்து போனான்.

அடுத்த ஆண்டு ஈஸ்டர் வாரத்தில், படுக்கையில் எலிஹியோவின் உடம்பே அவனைக் கைவிட்டது. ரம் அதிகமாகிவிட்டது என்று மனைவி மிரேலிஸிடம் சமாளித்தான். மறுவாரமும் அப்படியே. பிறகு முதுகுவலி, கடைக் களைப்பு என்று நாளுக்கொரு சாக்கு. ஆண்மைக்கு நல்லது என்று ஊரில் சொல்லும், ரம்மில் வேரும் பட்டையும் ஊறிய மாமாஹுவானாவைக் குடித்துப் பார்த்தான். மூலைக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த நீல மாத்திரையையும் விழுங்கினான். நெஞ்சு படபடத்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு காலை மிரேலிஸ் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"யாரவ? பேரச் சொல்லு, போதும்."

உண்மையைச் சொல்ல நா எழவில்லை. வேறொருத்தி இருப்பதாகச் சொல்வது இதைவிடக் கௌரவமாகப் பட்டது.

"ஆமா, இருக்கா," என்றான்.

அன்றே அவள் மகளை அழைத்துக்கொண்டு ஆசுவாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சேதி பரவியதும் கடையில் அவனுக்குப் பாராட்டு! "ஒண்ணு பத்தாதாடா உனக்கு?" என்று முதுகில் தட்டினார்கள். அவனும் பல்லைக் காட்டினான். பின்னறைக்குப் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றான்.

கேட்பதற்கு ஊரில் ஒரே ஆள்தான் இருந்தான். ரதாமெஸின் பட்டறை வாசலில் அரைமணி நேரம் தயங்கிவிட்டு உள்ளே போனான்.

"அன்னிக்கு நான் பேசுனது தப்பு. இப்ப எனக்கே…"

ரதாமெஸ் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். சிரிக்கவில்லை.

"எனக்கு அப்பா செத்த மாசத்துல ஆரம்பிச்சுது. உடம்புல ஒண்ணும் இல்ல, மனசுதான். ஒரு தடவ பயந்தா, அடுத்த தடவ அந்தப் பயமே கெடுத்துடும். உனக்கு வேற ஏதாவது இருக்கலாம். டாக்டர் ஒனெய்தாவப் பாரு. பொம்பளன்னு கூச்சப்படாத."

கூச்சப்பட்டான். டாக்டர் முன்னால் தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"காலைல எந்திரிக்கும்போதாவது விறைப்பு இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"தாகம் எடுக்குதா?"

ஒரு நாளைக்கு அஞ்சாறு பாட்டில் மால்ட்டா என்ற இனிப்புப் பானம் குடிப்பதாகச் சொன்னான். ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

"சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் அரிக்குது. சிகரெட்டும் சேந்து அடைக்குது. உங்க வயசுல நிறைய பேருக்கு முதல் அறிகுறியே இதுதான். முதல்ல சர்க்கரைய இறக்குவோம். இனிப்புத் தண்ணியும் புகையும் கூடாது, தினம் நடக்கணும். அந்த நீல மாத்திரைய நெஞ்சைப் பரிசோதிச்சுட்டு, தேவைன்னா நானே அளவாத் தர்றேன். கடைல வாங்கி முழுங்காதீங்க. வீட்டுக்காரிகிட்ட சொன்னீங்களா?"

மறுநாளே ஆசுவாவுக்குப் பஸ் ஏறினான். மிரேலிஸ் முற்றத்தில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். உரித்த தோலை அள்ளி அவன் மேல் வீசினாள்.

"இதச் சொல்ல வெக்கப்பட்டு எனக்கு ஒரு சக்களத்திய உண்டாக்குனியா? மூணு மாசம் நான் கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதேன்டா!"

அன்று அவள் கூட வரவில்லை. மூன்று வாரம் கழித்து டாக்டர் அறையில் அவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் உதவியது. சில நாள் உடம்பு ஒத்துழைத்தது, சில நாள் இல்லை. இல்லாத நாளில் அவன் சாக்குச் சொல்வதில்லை.

ஆனால் இன்னொருத்தி என்று யாரும் இல்லை என்பதை ஊருக்கு அவன் சொல்லவே இல்லை. "துரோகம் பண்ணவனோட எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மிரேலிஸைக் கேட்கிறார்கள். அவனைக் காட்டிக்கொடுக்காமல் அவள் தன் வேலையைப் பார்க்கிறாள். வீட்டை ஒட்டிய கடையின் சன்னல் வழியே அது காதில் விழும்போதெல்லாம் எலிஹியோ கத்தரியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான்.